திறக்கத் தெரிந்தவருக்கே மூடவும் முடியும்: பூட்டிக்கொண்ட வலைதளக் கணக்கை நீக்குவது எப்படி?



கடையைக் காலி செய்வது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டட உரிமையாளரிடம் கொடுத்த அட்வான்சைத் திரும்ப வாங்குகிறோம். மின் கட்டணத்தைச் செலுத்தி முடிக்கிறோம். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்ய மனுக் கொடுக்கிறோம். பெயர்ப் பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம். ஆனால் கடையின் பெயரில் சமூக வலைதளத்தில் திறந்த கணக்கை மட்டும் கழற்ற மறந்துவிடுகிறோம். நாங்களும் மறந்தோம். அதனால் பட்ட பாட்டையும் அதில் கற்றுக்கொண்டதையும் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

அண்ணன் தம்பி இருவருமாக மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் மளிகைக் கடை நடத்தி வந்தோம். 2014-இல், எங்களிடம் பில் போட்டுக்கொண்டிருந்த தம்பி ஒருவர், ‘நாமும் போடுவோம் அண்ணாச்சி, நாலு பேருக்குத் தெரியும்’ என்று ஒரு வலைதளத்தில் கடையின் பெயரில் கணக்குத் தொடங்கினார். கொடுத்தது அவருடைய செல்போன் எண். அரிசி, பருப்பு விலை போட்டார். ஆர்டருக்கும் அதே எண்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்து சரக்கெல்லாம் போயிற்று. அடுத்த ஆண்டு சேலையூருக்கு வந்துவிட்டோம். அந்தத் தம்பியும் ஊருக்குப் போய்விட்டார். கணக்கு மட்டும் பழைய முகவரியோடும் பழைய எண்ணோடும் அங்கேயே நின்றது.

ஒரு தைப் பொங்கலுக்கு முன்பு வாடிக்கைக்கார அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். ‘என்ன அண்ணாச்சி, அரிசிக்கும் வெல்லத்துக்கும் பணம் போடச் சொன்னீங்க, போட்டுட்டேன். இன்னும் சாமான் வரலையே?’ என்றார். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விசாரித்தால், அவர் பழைய கணக்கில் இருந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார். அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அந்த ஆசாமியும் ‘ஆமாம், கடைதான்’ என்று சொல்லி 2,300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சாமானை நாங்களே கொடுத்தோம். போனது எங்கள் கடையின் பெயர் அல்லவா? அன்றே அந்தக் கணக்கை நீக்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

செக்கு மாடு சுற்றிய கதை

நீக்க வேண்டுமானால் முதலில் உள்ளே நுழைய வேண்டும். நுழையப் பாஸ்வேர்டு வேண்டும். நினைவுக்கு வந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தோம். ‘சந்தேகத்துக்குரிய முயற்சி’ என்று கணக்கே பூட்டிக்கொண்டது. திறக்க ஓ.டி.பி. வரும், அது வருவது அந்தப் பழைய எண்ணுக்கு. இல்லையென்றால் அடையாள அட்டையை அனுப்பச் சொன்னது. அனுப்பினோம். அட்டையில் இருப்பது எங்கள் பெயர். கணக்கில் இருப்பது கடையின் பெயர். பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டார்கள். உதவி கேட்டு எழுதினால் இயந்திரம் எழுதிய ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது.

கோபம் தணிந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. யார் கேட்டாலும் நீக்கிவிடுவார்களானால், எதிர்க் கடைக்காரர் ஒரு கடிதம் போட்டு நம் கணக்கை நீக்கிவிட முடியுமே! பூட்டு நம்மைக் காக்கத்தான். ஆனால் சாவி நம்மிடம் இல்லாதபோது அதே பூட்டு நமக்கு எதிராக நிற்கிறது.

மூன்று நிலைகளைப் பிரித்தறிக

பூட்டப்பட்ட கணக்கு: சாவி தொலைந்த கடை போன்றது. நாம் உள்ளே போக முடியாது. ஆனால் வெளியே பலகை தொங்குகிறது, பார்ப்பவர்கள் பார்க்கிறார்கள்.

தற்காலிகமாக முடக்கிய கணக்கு: ஷட்டரை இறக்கியது போன்றது. வெளியே தெரியாது. நாம் திரும்ப நுழைந்தால் கடை திறந்துவிடும்.

நீக்கப்பட்ட கணக்கு: காலி செய்த கடை. இதற்கும் கால அவகாசம் உண்டு. பேஸ்புக்கில் நீக்கக் கோரியபின் 30 நாள் காத்திருப்பார்கள். அதற்குள் உள்ளே நுழைந்து ரத்து செய்தால் கணக்கு பிழைத்துக்கொள்ளும். முழு விவரமும் அழிய 90 நாள் வரை ஆகலாம். இன்னொன்று: கடைக்கான பக்கத்துக்கு ஒருவர் மட்டுமே நிர்வாகி என்றால், அவர் தம் சொந்தக் கணக்கை நீக்கும்போது கடைப் பக்கமும் சேர்ந்து போய்விடும்.

வாட்ஸ்அப்பில் செல்போன் எண்தான் சாவி. சிம் தொலைந்தால் முதலில் அதே எண்ணில் மாற்று சிம் வாங்கிவிட வேண்டும். பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாளில் நீக்கப்படுகிறது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் கூறியது. அதற்குப் பிறகு அந்த எண் இன்னொருவர் கைக்குப் போகலாம் என்பதே இதன் பொருள். எண்ணைக் கைவிடுவதற்கு முன் அதில் கட்டிய எல்லாக் கணக்கையும் அவிழ்த்துவிடுவது நம் பொறுப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு வலைதள நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் முகவரியைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும். இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் கொண்ட பெரிய நிறுவனமானால், அந்த அலுவலர் இந்தியாவிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்வுக்கு விதி வந்தபோது வைத்த கெடு 15 நாள்.

அலுவலரின் முடிவு திருப்தி இல்லை என்றால் மேல்முறையீடு உண்டு. 2022 அக்டோபரில் விதியைத் திருத்தி, குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களுக்கு வழி செய்தார்கள். 2023-இல் மூன்று குழுக்கள் அமைந்தன. முடிவு கிடைத்த 30 நாளுக்குள் இன்டர்நெட் வழியாகவே மேல்முறையீடு செய்யலாம். குழு 30 நாளுக்குள் முடித்துவைக்க முயல வேண்டும் என்பது விதி.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவர் தம்மைப் பற்றிய விவரங்களை அழிக்கக் கோரும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. ஆனால் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் என்ன என்று சிலர் கேட்கலாம். 2025 அக்டோபரில், வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்ட ஒருவர் அப்படித்தான் போனார். வாட்ஸ்அப் வைத்திருப்பது எப்படி அடிப்படை உரிமையாகும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். நம் ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் சோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியைப் பயன்படுத்தலாமே என்றும் சொன்னார்கள். மனு திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, குறைதீர் அலுவலர், பிறகு மேல்முறையீட்டுக் குழு என்று படிப்படியாக ஏறுவதே நமக்கு ஏற்ற வழி.

எங்களுக்குக் கைகொடுத்தது எது?

முதலில் ‘திறந்து கொடுங்கள்’ என்று கேட்டோம். அது தவறு. எங்களுக்குக் கணக்கு வேண்டாம். அது ஒழிய வேண்டும். இரண்டாவது மனுவில் அதைத் தெளிவாக எழுதினோம்: கடை இந்த முகவரியில் இல்லை, அந்த எண் எங்களுடையது அல்ல, எங்கள் பெயரை நம்பி வாடிக்கையாளர் பணம் இழந்திருக்கிறார், ஆகவே கணக்கை நீக்குங்கள். கணக்கின் முழு முகவரி, அதன் படம், ஜி.எஸ்.டி. சான்று ஆகியவற்றை இணைத்தோம். ஆதாரம் போதாது என்று பதில் வந்தது.

பிறகு அந்தத் தம்பியை ஊரில் தேடிப் பிடித்தோம். ‘அந்த நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணாம விட்டு நாலு வருஷம் ஆச்சு அண்ணாச்சி’ என்று வருத்தப்பட்டார். கடைக்காகத் தாம்தான் கணக்குத் தொடங்கியதாகவும், அதை நீக்க ஆட்சேபம் இல்லை என்றும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும், தாம்பரம் நகராட்சியாக இருந்த காலத்துப் பழைய உரிமத்தையும், மாநகராட்சியான பின் வாங்கிய புதிய உரிமத்தையும், பெயர்ப் பலகையின் படத்தையும் வைத்து மேல்முறையீடு செய்தோம். தையில் தொடங்கியது ஆடியில் முடிந்தது. கணக்கு மறைந்தது. அந்த 2,300 ரூபாய் மட்டும் திரும்ப வரவே இல்லை.

செய்யக் கூடாதவை

‘ஐயாயிரம் கொடுங்கள், ஒரே நாளில் நீக்கித் தருகிறோம்’ என்பவர்களை நம்பாதீர்கள். அவர்கள் கேட்பது ஓ.டி.பி.யாக இருக்கும், போவது வங்கிப் பணமாக இருக்கும். பணம் ஏமாந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிவிடும். நாங்கள் நாலு நாள் கழித்துத்தான் சொன்னோம். வேறொருவர் வேண்டுமென்றே நம் கடையின் பெயரில் ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதும் குறைதீர் அலுவலருக்கு அனுப்பும் மனுவுக்கு ஆதாரமாகும்.

இன்றே செய்ய வேண்டியவை

1. கடைக்கென்று ஒரு சிம், ஓர் இ-மெயில் வைத்துக்கொள்ளுங்கள். சிம் முதலாளி பெயரில் இருக்கட்டும். இ-மெயிலை அவ்வப்போது திறந்து பாருங்கள். இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம்.

2. கடைப் பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். ஒருவர் குடும்பத்தில் உள்ளவராக இருக்கட்டும்.

3. எந்தக் கணக்கு, எந்த எண்ணில், யார், எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி, வாடகை ஒப்பந்தமும் உரிமமும் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள்.

4. பில் போடும் பையன் வேலையை விட்டு நிற்கும்போது கல்லாச் சாவியைத் திரும்ப வாங்குகிறோம். அன்றே பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

5. கடை இடம் மாறினால், கூகுள் வரைபடத்தில் இருக்கும் முகவரியையும் எண்ணையும் அதே வாரத்தில் மாற்றுங்கள்.

இந்த இதழைப் படித்து முடித்ததும், உங்கள் கடையின் பெயரைச் செல்போனில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அங்கே தெரியும் எண் உங்கள் கையில் இருக்கும் எண்தானா? இல்லையென்றால் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். ஆவணங்களோடு சங்க அலுவலகத்துக்கு வரும் உறுப்பினருக்கு மனு எழுத நாங்கள் துணையிருப்போம்.