வறண்ட தலைக்கு எந்தச் சீயக்காய்?

சென்ற ஆண்டு பங்குனி மாதம், நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் அரை மூட்டை சீயக்காய்த் தூளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணே, உங்க தூளை வாங்கிப்போன டீச்சரம்மா, தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிப்போச்சுன்னு கடை வாசல்ல நாலு பேர் முன்னால சத்தம் போட்டுட்டாங்க. எனக்கு ஷாம்பூ சரமே போதும்" என்றார்.

சேலம் செவ்வாய்பேட்டையில் நான் கல்லாவில் உட்கார்ந்தது 1977-ல், பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு. இப்படி ஒரு வார்த்தையை அதிகம் கேட்டதில்லை. அரவையில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி தூளைக் கலக்கி வைத்துப் பார்த்தேன். மணல் இருந்தால் அடியில் நெருடும், மரத்தூள் இருந்தால் மேலே மிதக்கும். இரண்டும் இல்லை. நுரையும் நன்றாக நின்றது. சரக்கு சுத்தம்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "அந்தம்மா எண்ணெய் வெச்சுக் குளிச்சாங்களான்னு விசாரிச்சீங்களா?" விசாரித்தோம். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. ஷாம்பூ போடுவதுபோல வெறும் தலையில் வாரம் மூன்று முறை சீயக்காய் தேய்த்திருக்கிறார்கள். பிறகு வறளாமல் என்ன செய்யும்?

நாம் விற்கும் பொருளின் குணம் நமக்கே தெரிய வேண்டும். சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை மூன்றிலும் நுரை தருவது சபோனின் என்ற சத்து. அது எண்ணெயையும் அழுக்கையும் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோகும். நல்லெண்ணெய் தேய்த்து ஊறிய தலைக்கு அது சரி. எண்ணெயே இல்லாத தலையில் போட்டால், மண்டையில் தானாகச் சுரக்கும் கொஞ்சநஞ்சப் பசையையும் வழித்து எடுத்துவிடும். பூந்திக்கொட்டை இதில் இன்னும் ஒரு படி கடுமை. வறண்ட முடிக்காரர்களுக்கு நான் அதைத் தருவதே இல்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் சீயக்காயைத் தனியாகத் தேய்த்ததில்லை. சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத்தான் தேய்த்தார்கள். ஊறவைத்த வெந்தயத்திலும் செம்பருத்தி இலையிலும் ஒரு கொழகொழப்பு உண்டு. அது முடிமேல் படிந்து சிக்கு எடுக்கும், வறட்சியைத் தணிக்கும். கொங்குப் பக்கத்தில் உசிலை மர இலையைப் பொடித்த அரப்பைத்தான் தலைக்குப் போடுவார்கள். அது சீயக்காயைவிடச் சாது. இதையெல்லாம் அந்த டீச்சரம்மாவிடம் கடைக்காரர் சொல்லவில்லை. கடைக்காரரிடம் நான் சொல்லவில்லை. தவறு எங்கே தொடங்கியது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஷாம்பூ என்ற சொல்லே நம் நாட்டுச் சொல்தான், அமுக்கிப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீடு வரை கொண்டுபோன வியாபாரமும் நம் கடலூரில் வளர்ந்ததே. 1980-களில் அந்தச் சரம் கடை வாசலில் தொங்க ஆரம்பித்தபோது நமக்கும் நல்ல லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிழித்துப் போட்ட பாக்கெட்டைப் பழைய பேப்பர்காரர்கூட எடுப்பதில்லை. சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இப்போது படித்த பிள்ளைகளே "இயற்கையாக ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டு வருகிறார்கள். அந்த நேரத்தில் தூளை அள்ளிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், வந்தவர் மறுபடி வரமாட்டார்.

கொள்முதலில் நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். சீயக்காயைக் காயாகவே வாங்குங்கள், தூளாக வாங்காதீர்கள். மலைக்காட்டில் பறித்து வரும் சரக்கு இது, ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும், வண்டு விழும். காயை ஒடித்தால் "டக்"கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் வெயிலில் இன்னும் இரண்டு நாள் போடுங்கள். கொட்டை நீக்கிய சரக்குக்கு விலை கூடுதல், ஆனால் நுரை சத்து தோலில்தான் இருக்கிறது என்பதால் கொடுக்கும் பணம் வீணாகாது. மாவு அரைக்கும் மிஷினில் இதை அரைக்கக் கூடாது. சீயக்காய்க்கென்று தனி மிஷின் வைத்திருக்கும் மில்லாகப் பாருங்கள். ஒரு மாதத்தில் விற்கும் அளவுக்கு மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டின்னில் வையுங்கள்.

அந்த மூட்டை திரும்பி வந்த பிறகு வறண்ட முடிக்கென்று தனிக் கலவை அரைக்கிறேன். சீயக்காய் அரை கிலோ, அரப்பு அரை கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 150 கிராம், நிழலில் காய்ந்த செம்பருத்தி இலை 100 கிராம், வாசனைக்குப் பூலாங்கிழங்கு 50 கிராம். துணியில் சலிக்க வேண்டும், திப்பி இருந்தால் முடியில் ஒட்டிக்கொண்டு வாடிக்கையாளர் திட்டுவார். பொட்டலம் கொடுக்கும்போது மூன்று விஷயம் வாயால் சொல்லச் சொல்லியிருக்கிறேன்: எண்ணெய் வைத்து அரை மணி ஊறிய பிறகு தேய்க்கவும், கஞ்சியில் குழைக்கவும், வாரம் ஒரு முறை போதும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதையும் குழந்தை உள்ள வீட்டாருக்குச் சொல்ல வேண்டும்.

முடி வளரும், நரை மறையும் என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டதை அளந்து கொடுப்பது வேறு, பெயர் அச்சிட்டுப் பாக்கெட் போட்டு விற்பது வேறு. பாக்கெட் என்றால் 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி எடை, விலை, மாதம், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். அழகுசாதனப் பொருளாகத் தயாரித்து விற்க உரிமமும் வேண்டும். ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

திருப்பிக் கொண்டுவந்த கடைக்காரரிடம் இந்தக் கலவையில் கால் கிலோவைப் பணம் வாங்காமல் கொடுத்து, டீச்சரம்மா வீட்டில் சேர்க்கச் சொன்னேன். இரண்டு மாதம் ஒரு பதிலும் இல்லை. ஆடியில் சரக்கெடுக்க வந்தவர் பட்டியலின் கடைசியில், "டீச்சர் தூள் 5 கிலோ" என்று எழுதியிருந்தார். அவர் கடையில் இப்போது இரண்டு டின் இருக்கிறது. ஷாம்பூ சரமும் அதே இடத்தில்தான் தொங்குகிறது.