வாளி விட்டால் பெட்ரோல் வாசனை! கெட்ட கிணறு மீள எத்தனை வருஷம்?

சென்னை,

வீட்டுக் கிணற்றில் வாளி விட்டால் தண்ணீர் வரும். கூடவே பெட்ரோல் வாசனையும் வந்தால்?

வடசென்னை தண்டையார்பேட்டை மக்கள் 2013-ஆம் ஆண்டில் இதைக் கண்ணால் கண்டார்கள். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டிலும் எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. பூமிக்கு அடியில் எண்ணெய் கொண்டுபோகும் குழாயில் கசிவு என்று தெரியவந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

"அது அந்தப் பேட்டையோடு போச்சு, நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. பெட்ரோல் பங்க்குகளின் தொட்டிகளும் தரைக்கு அடியில்தான் இருக்கின்றன. இரும்புத் தொட்டி துருப்பிடித்து ஊசித் துளை விழுந்தால் போதும். சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கும். மேலே யாருக்கும் தெரியாது.

ஒரு லிட்டர் செய்யும் வேலை!

பெட்ரோலில் பென்சீன் என்று ஒரு சரக்கு இருக்கிறது. ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. இந்தியாவில் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். குடிதண்ணீரில் லிட்டருக்கு 0.01 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன், 8 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் பிடித்தால் 70 லாரிக்கு மேல்!

"வாசனை இல்லையே, குடிச்சா என்ன?" என்பார்கள். மூக்குக்கு எட்டாத அளவிலேயே பென்சீன் கேடு செய்யும். "கொதிக்க வெச்சா சரியாப் போயிடும்" என்பது அதைவிட ஆபத்து. ஆவி சமையலறையில் நிறையும். தீப்பிடிக்கவும் கூடும். நாற்றம் அடிக்கும் கிணற்றில் ஆளை இறக்குவதும், பக்கத்தில் பீடி பற்றவைப்பதும், மோட்டார் சுவிட்சைத் தட்டுவதும் கூடவே கூடாது.

வேவு பார்க்கும் கிணறுகள்

கசிவு எவ்வளவு தூரம் பரவியது என்று எப்படித் தெரியும்? அதற்கென்றே சின்னச் சின்னக் கண்காணிப்புக் கிணறுகள் போடுகிறார்கள். நிலத்தடி நீர் ஓடும் திசை பார்த்து, கசிவுக்கு மேல்புறம் ஒன்று, கீழ்புறம் பல. சில மாதங்களுக்கு ஒரு முறை தண்ணீர் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

முதல் வேலை கசிவை அடைப்பது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. மேலே மிதக்கும். அதைப் பம்பு வைத்து வழித்தெடுப்பார்கள். மண்ணில் தங்கிய ஆவியை உறிஞ்சுவார்கள். கரைந்துபோனதை வெளியே இறைத்துக் கரி வடிகட்டியில் விடுவார்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்குக் காற்று கொடுத்தால் அவையும் மிச்சத்தைத் தின்னும்.

மழை சொல்லும் உண்மை

இங்கேதான் ஏமாந்து போகிறோம். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பெட்ரோலும் கூடவே இறங்கி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வில் தண்ணீர் நல்லதாகத் தெரியலாம். ஐப்பசி மழையில் மட்டம் ஏறினால் பழைய நாற்றம் திரும்பி வரும்! ஆகவே ஒரு தடவை சோதனை செய்துவிட்டு "சுத்தம்" என்று சொன்னால் நம்பக் கூடாது. கோடையிலும் மழையிலும் மாறி மாறிப் பல தடவை பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் சாண்டா மோனிகா என்று ஒரு ஊர். பெட்ரோலில் கலக்கும் ஒரு ரசாயனம் நிலத்தடியில் இறங்கியதால் 1996-இல் முக்கியக் கிணறுகளை மூடினார்கள். ஊருக்கு வரும் தண்ணீரில் சுமார் பாதி போச்சு! சுத்திகரிப்பு நிலையம் கட்டி மறுபடி அந்தத் தண்ணீரைக் குடிக்க சுமார் 14 வருஷம் ஆனது. அந்த நாட்டில் 1984-க்குப் பிறகு கண்டுபிடித்த தொட்டிக் கசிவுகள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல்.

உங்கள் கிணற்றில் நாற்றம் வந்தால் குடிப்பதை, குளிப்பதை, சமைப்பதை உடனே நிறுத்துங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு அறிக்கை வந்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்:

"மழைக்கு அப்புறமும் பாத்தீங்களா சார்?"