மூங்கில் துப்பாக்கி! காட்டுக் காய்தான் குண்டு!

ஜக்தல்பூர்: ஆனி மாதவாக்கில் ரதோற்சவ நாளில் இந்த ஊர் வீதியில் முதன்முதலாக நடக்கும் தமிழர் திடுக்கிட்டுத்தான் போவார். நாலாபுறமும் 'டப், டப்' என்ற வெடிச் சத்தம். முதுகில் சுருக்கென்று ஓர் அடி. திரும்பிப் பார்த்தால் ஒரு பொடியன் மூங்கில் குழலோடு சிரித்துக்கொண்டு நிற்பான்.

கோபிக்கக் கூடாது. அன்றைக்கு அங்கே அதுதான் மரியாதை.

சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் மாவட்டத்தின் தலைநகர் ஜக்தல்பூர். விசாகப்பட்டினத்தை அடுத்த கொத்தவலசையிலிருந்து கிரந்துலுக்கு இரும்புத்தாது ஏற்றப் போட்ட பாதையில் இருக்கிறது. புரியில் ஜகந்நாதர் தேர் ஓடும் அதே நாட்களில் இங்கும் தேர் உண்டு. பெயர் 'கோஞ்சா'. ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் காட்டுவாசி மக்கள் செலுத்தும் பீரங்கி மரியாதைதான் இந்தக் குழல் வெடி.

குழலின் பெயர் 'துப்கி'. நம் துப்பாக்கிக்குத் தங்கை மாதிரி ஒலிக்கிறதல்லவா?

செய்வது எளிது என்று தோன்றும். ஆனால் அளவு தவறினால் வெடிக்காது. விரல் நுழையாத துளையுள்ள மூங்கிலைக் கணுவில்லாமல் புல்லாங்குழல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். இரு முனையும் திறந்திருக்கும். துளைக்குள் சரளமாகப் போய்வர ஒரு மூங்கில் குச்சி; அதற்குக் கைப்பிடி. குச்சி, குழலைவிட ஒரு காயளவு குட்டையாக இருக்க வேண்டும். சூட்சுமமே அங்கேதான்.

முதல் காயை உள்ளே தள்ளினால் அது குழல் வாயில் அடைத்து நிற்கும். பின்னால் இரண்டாவது காயை வைத்து ஒரே குத்து! நடுவே அகப்பட்ட காற்று நெருக்குண்டு, முன்காயை வெடியோசையோடு வெளியே தள்ளும். பின்காய் முன்னே வந்து அடுத்த வேட்டுக்கு ஆயத்தமாகிவிடும். மருந்தில்லை, நெருப்பில்லை. கண்ணுக்கு நேரே மட்டும் பிடிக்கக் கூடாது.

காய்க்கு இங்கே 'பெங்க்' என்று பெயர். பட்டாணி அளவு, பச்சை நிறம், கொத்துக் கொத்தாய்க் கொடியில் காய்க்கும். அந்நியக் காயல்ல. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் 'வாலுளுவை அரிசி' என்று விற்கிறார்களே, அதே கொடியின் காய்தான். மூட்டு வலிக்கு இதன் எண்ணெயைத் தேய்ப்பது இரு பக்கமும் உண்டு.

காட்டில் மூங்கில் வெட்டி, காய் பறித்து, குழலுக்கு ஓலையும் வண்ணக் காகிதமும் சுற்றித் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் சுற்றுக் கிராமத்து ஏழைகள். அவர்களுக்குக் கிடைப்பது சில நாள் வியாபாரம்தான். காய் வதங்கிச் சுருங்கினால் குழலில் இறுகாது, சத்தமும் வராது. 'பஹுதா கோஞ்சா' என்ற திரும்புகால் தேரும் முடிந்துவிட்டால் துப்கியைச் சீந்துவாரில்லை. இவர்களிடம் போய் நாலணா எட்டணாக் கணக்காக மல்லுக்கு நிற்பது நமக்கு அழகல்ல.

நிஜத் துப்பாக்கிச் சத்தத்தைப் பல்லாண்டுகள் கேட்டு நடுங்கிய காடுகள் இவை. அங்கிருந்து வரும் தாய்மார்களே இந்தச் சத்தத்துக்குச் சிரிக்கிறார்கள். பிள்ளை கையில் குழலைக் கொடுத்து, "சுடு" என்கிறார்கள்.

குழந்தைகளுக்கு ஒன்று வாங்கி வரலாம். காய் கிடைக்காத இடத்தில் நனைத்த காகிதத்தை உருட்டி அடைத்தாலும் வெடிக்கும். சத்தம் கொஞ்சம் மட்டு.