பழைய பின்னல் மெஷின் மக்கர் செய்கிறதா? முதலில் ஸ்பாஞ்சைப் பாருங்கள்!

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய சாமான் விற்கும் கடைகளில், நீளமான சூட்கேஸ் போல ஒரு பெட்டி கிடக்கும். திறந்தால், வரிசையாக ஊசிகள் படுத்திருக்கும் உலோகப் பலகை. 1970, 80-களில் ஜப்பானிலிருந்து போன, வீட்டிலேயே ஸ்வெட்டர் பின்னும் மெஷின் அது. ‘ஓடவில்லை’ என்று சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். பல நேரம் அதில் கெட்டுப்போயிருப்பது ஒரு துண்டு ஸ்பாஞ்ச் மட்டுமே!

சாதாரண ரக மெஷினில் ஊசிக்கு ஊசி 4.5 மி.மீ இடைவெளி, மெல்லிய நூல்தான் ஓடும். ‘பல்க்கி’ ரகத்தில் இடைவெளி இரு மடங்கு, 9 மி.மீ. கையால் பின்னுகிற தடித்த கம்பளி நூலையே இதில் போடலாம். பிரதர் கே.ஹெச்.260, சில்வர் ரீட் எஸ்.கே.155 இரண்டும் இதில் பேர்போனவை. அமெரிக்காவில் பிரதர் மெஷின்கள் ‘நிட்கிங்’ என்றும், சில்வர் ரீட் மெஷின்கள் ‘ஸ்டுடியோ’ என்றும் விற்கப்பட்டன. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

டிசைனுக்குத் துளையிட்ட அட்டை உண்டு. காஞ்சிபுரம் பட்டுத் தறியின் ஜக்கார்டு அட்டைக்குத் தூரத்துச் சொந்தம். பிரதரில் 24 கண்ணிக்கு ஒருமுறை டிசைன் திரும்ப வரும். சில்வர் ரீடில் 12-க்கு.

சரி, அந்த ஸ்பாஞ்ச்? ஊசிகளுக்கு மேலே, பலகையின் நீளத்துக்கு ஒரு தகட்டுப் பட்டை செருகியிருக்கும். அதன் அடியில் ஒட்டிய ஸ்பாஞ்ச்தான் ஊசிகளை அழுத்திப் பிடிக்கிறது. வருடங்கள் ஓட ஓட அது சப்பையாகி, கடைசியில் பிசுபிசுவென்று கோந்தாகிவிடும். பிடி தளர்ந்தால் ஊசிகள் மேலெழும், கண்ணி நழுவும், பின்னுவதற்காக இடவலமாக நகர்த்தும் ‘கேரேஜ்’ இடித்து நிற்கும். பலம் கொடுத்துத் தள்ளினால் ஊசி வளையும். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான்!

பட்டையை ஓரத்திலிருந்து மெல்ல உருவுங்கள். பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டலாம். புதுப் பட்டையே வாங்கியும் போடலாம். ஊசிகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துடையுங்கள் (அடுப்பங்கரைப் பக்கம் வேண்டவே வேண்டாம்). கேரேஜின் அடியில் இறுகிக் கிடக்கும் பழைய எண்ணெயையும் எடுத்துவிட்டு, லேசாகப் புது எண்ணெய் தடவினால் போதும்.

துணைக் கருவிகளில்தான் கறாராக இருக்க வேண்டும். பின்னலைக் கீழே இழுக்கும் எடைகள், கண்ணி மாற்றும் கருவிகள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றனவா? அந்தக் கருவிகளின் பற்கள் 9 மி.மீ இடைவெளியில் உள்ளனவா? சாதாரண ரகத்தின் கருவி இதற்குப் பொருந்தாது. பிரதர் இந்தத் தயாரிப்பையே நிறுத்திவிட்டதால், தொலைந்த பாகத்துக்கு இன்னொரு பழைய மெஷினைத்தான் தேட வேண்டும். ஸ்பாஞ்ச் போன மெஷினைத் தைரியமாக வாங்கலாம். கேரேஜ் இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் வரும் இழுபடும் பட்டியைப் பின்ன, ‘ரிப்பர்’ என்ற இரண்டாவது ஊசிப் பலகை வேண்டும். அதே மெஷினுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால், கொக்கி ஊசியால் கண்ணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திருப்பிப் போடலாம். நேரம் பிடிக்கும். ஆனால், பட்டி வரும் அந்தச் சில அங்குலங்களுக்கு மட்டும்தானே!