பத்துப் பேர் முதுகில் பிறக்கும் எண்

சன்ஸ்கிரீன் டப்பாவில் எஸ்.பி.எஃப் 50 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த 50 எப்படி வந்தது தெரியுமா? குறைந்தது பத்துப் பேரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் கிரீமைத் தடவி, விளக்கு வெயில் காட்டி, மறுநாள் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்ட எண் அது. ஃபேஸ்வாஷில் "தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பின்னாலும் யாரோ சிலருடைய முதுகோ கையோ இருக்கிறது.

"வாலண்டியர் தேவை, பணம் தரப்படும்" என்ற விளம்பரங்கள் இப்போது ஃபோனில் அடிக்கடி வருகின்றன. போகலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்துக் குறித்து வைத்ததையும், ஒருமுறை நானே போய்ப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் மனிதர்கள்?

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அழகுசாதனப் பொருட்களை முயல் மேல்தான் சோதித்தார்கள். 1944-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் என்பவர் வகுத்த முறை அது. முயலின் கண்ணிலும் மழித்த தோலிலும் பொருளை வைத்து, எவ்வளவு சிவக்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாகத் தடை கொண்டுவந்து, 2013-இல் விலங்குகளில் சோதித்த அழகுசாதனப் பொருட்களின் விற்பனையையே நிறுத்தியது. இந்தியாவில் 2014-இல் தடை வந்தது.

இன்றைக்கு முதல் கட்டத்தை ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் திசுவிலேயே செய்துவிட முடியும். ஏற்கெனவே பழக்கமான மூலப்பொருட்கள் என்றால் பழைய தரவுகளும் இருக்கும். அதனால் வாலண்டியரிடம் வரும் கிரீம், "பெரும்பாலும் ஒன்றும் ஆகாது" என்ற நிலையில்தான் வருகிறது. புது மருந்தை முதன்முதலாக மனித உடம்பில் செலுத்திப் பார்ப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லை மறந்துவிடவும் வேண்டாம்.

பேட்ச் டெஸ்ட்

ரொம்ப சாதாரணமான சோதனை இது. எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள குட்டிக் கிண்ணங்களில் பொருளை வைத்து, பிளாஸ்திரி போட்டு மேல் முதுகில் ஒட்டுவார்கள். 24 மணி நேரம் அல்லது 48 மணி நேரம் நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது. எடுத்தவுடன் ஒருமுறை பார்ப்பார்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஏன் மறுபடி? எரிச்சல் சட்டென்று தெரிந்துவிடும், ஒவ்வாமை தாமதமாகத்தான் தலைகாட்டும். கிண்ணங்களில் ஒன்றில் வெறும் தண்ணீர் இருக்கலாம். இன்னொன்றில் வேண்டுமென்றே கொஞ்சம் எரிச்சல் தரும் சோப்புக் கரைசல் இருக்கலாம். ஒப்பிடுவதற்காக வைப்பது.

இதற்கு ஒரு நீண்ட வடிவம் உண்டு. ஒரே இடத்தில் மூன்று வாரத்தில் ஒன்பது முறை ஒட்டுவார்கள். பிறகு இரண்டு வாரம் போல ஓய்வு. அப்புறம் இதுவரை தொடாத புது இடத்தில் ஒருமுறை ஒட்டிப் பார்ப்பார்கள். கணக்கு இதுதான்: நம் நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை முதலில் சந்திக்கும்போது சும்மா இருந்துவிட்டு, அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சண்டைக்கு வரலாம். அந்த ஞாபகம் உருவாகிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை.

ஒரு வாலண்டியர் உண்மையில் பணயம் வைப்பது இங்கேதான். எரிச்சல் நாலு நாளில் போய்விடும். ஒவ்வாமை ஞாபகம் உருவாகிவிட்டால் அது பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்று ஒரு பதப்படுத்தும் பொருள். அதற்கு ஒவ்வாமை வந்தவர்கள் எண்ணிக்கை ஐரோப்பாவில் கிடுகிடுவென்று ஏறியதால், தடவிக் கழுவாமல் விடும் கிரீம்களில் அதைப் போடக்கூடாது என்று 2017-இல் தடுத்துவிட்டார்கள். ஷாம்பு, திரவ சோப்பு, சுவருக்கு அடிக்கும் பெயின்ட் வரை அது இருக்கும். அதற்கு ஒவ்வாமை வந்தவர் ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பிப் படித்துத்தான் வாங்க வேண்டும், புதிதாக வெள்ளையடித்த அறைக்குள் போவதற்குக்கூட யோசிக்க வேண்டும்.

முதுகில் ஒரு வெயில்

எஸ்.பி.எஃப் சோதனை வேறு மாதிரி. ஐ.எஸ்.ஓ 24444 என்ற தரநிலைப்படி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கிரீமைப் பூசுவார்கள். செனான் விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரைச் சின்னச் சின்ன வட்டங்களாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி அடிப்பார்கள். கிரீம் இல்லாத இடத்திலும் இதே மாதிரி. 16 முதல் 24 மணி நேரம் கழித்து வந்தால், தோல் சிவக்க ஆரம்பித்த முதல் வட்டம் எது என்று பார்ப்பார்கள். வெறும் தோல் 1 பங்கு கதிரில் சிவந்து, கிரீம் பூசிய தோல் 30 பங்கில் சிவந்தால் எஸ்.பி.எஃப் 30. இப்படிக் குறைந்தது பத்துப் பேர், அதிகபட்சம் இருபது பேர். அவர்களின் சராசரிதான் டப்பாவுக்குப் போகிறது.

அந்த 2 மில்லிகிராம் எவ்வளவு என்று வீட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் தோல் பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர். முழுக்கப் பூச 34 கிராம் வேண்டும். 50 கிராம் ட்யூபில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் காலி. யாரும் அப்படிப் பூசுவதில்லை. அதனால் டப்பாவில் உள்ள எண் நம் தோலில் கிடைப்பதும் இல்லை.

இன்னொரு விஷயம், நம்ம ஊர் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தச் சோதனைக்கு எல்லாத் தோலும் ஆகாது. தோலின் நிறத்தைக் கருவியால் அளந்து ஒரு கோணமாகச் சொல்வார்கள். கோணம் கூடினால் வெளிர் நிறம், குறைந்தால் கருமை. 28 பாகைக்குக் கீழே இருந்தால் சேர்க்க மாட்டார்கள். கருத்த தோல் சிவக்க ரொம்ப நேரம் கதிர் அடிக்க வேண்டும், சிவந்தாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதுதான் காரணம். தமிழ்நாட்டு மாநிறமும் கறுப்பும் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். நாம் காசு கொடுத்து வாங்கும் அந்த எண், நம் மாதிரித் தோலில் அளந்த எண் இல்லை. தவிர, அது அளப்பது சிவப்பை. நமக்குப் பிரச்சினை பெரும்பாலும் கருந்திட்டு, மங்கு. அதற்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஒரு காரணம், எஸ்.பி.எஃப் எண்ணில் அது வரவே வராது.

நூறு பேரில் யாருக்கும் இல்லை என்றால்?

"100 பேரிடம் சோதித்தோம், ஒருவருக்கும் அலர்ஜி இல்லை" என்று ஒரு கம்பெனி சொல்கிறது என்று வையுங்கள். அப்படியானால் ஆபத்து பூஜ்யமா? புள்ளியியலில் இதற்கு எளிமையான ஒரு விதி இருக்கிறது. n பேரில் யாருக்கும் நடக்கவில்லை என்றால், உண்மையான விகிதம் 3/n வரை இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 100 பேர் என்றால் 3 சதவீதம் வரை. 30 பேர் என்றால் 10 சதவீதம் வரை! அந்தக் கிரீமைப் பத்து லட்சம் பேர் வாங்கினால், 3 சதவீதம் என்பது முப்பதாயிரம் பேர். சோதனை பொய் என்று அர்த்தமில்லை. அதனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

எண்ணே ஆட்டம் காண்பதும் உண்டு. 2025 ஜூனில் ஆஸ்திரேலியாவில் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களைத் தானே சோதித்துப் பார்த்தது. 16, டப்பாவில் சொன்ன அளவுக்கு வரவில்லை. 50-க்கு மேல் என்று போட்ட ஒன்று வெறும் 4. அந்தக் கம்பெனி முதலில் மறுத்தது. பிறகு பல ஆய்வகங்களில் மறுபடி சோதிக்க, முடிவுகள் 4-இலிருந்து 64 வரை சிதறின. ஆகஸ்டில் பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பத்துப் பேர் தோலையும் ஒரு டெக்னீஷியனின் கண்ணையும் நம்பி நிற்கும் எண் இது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. மனிதர் தேவைப்படாத, கண்ணாடி போன்ற தகடுகளில் அளக்கும் முறையும் ஐ.எஸ்.ஓ தரநிலையாக 2024-இல் வந்திருக்கிறது. பழைய முறை இன்னும் போய்விடவில்லை.

காத்திருப்பு அறையில்

மும்பையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு மாய்ஸ்சரைசருக்கான பேட்ச் டெஸ்டுக்குப் போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதுகு ரெண்டு நாள் குறுகுறுவென்று இருந்தது, அவ்வளவுதான். அங்கே தாராவியிலிருந்து வந்திருந்த ஒரு திருநெல்வேலிக்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் எனக்குப் பாடம் எடுத்தார்.

"போன வாரந்தான் வேற லேபுல ஒட்டினாங்க தம்பி. இங்க கேட்டா ஒரு மாசமா எங்கயும் போகலன்னுதான் சொல்லணும், இல்லன்னா அனுப்பிருவாங்க."

"அரிச்சா என்னக்கா பண்ணுவீங்க?"

"அரிச்சா அரிக்கும். சொன்னா பிச்சு எடுத்துட்டு போயிட்டு வான்னுருவாங்க, முழுக் காசு வராது. முதுகு சும்மாதானே இருக்கு."

படிவம் ஏழு பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை ஒரு பையன் இந்தியில் ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தான். அக்கா கையெழுத்துப் போட்டார்.

அவர் பொய் சொல்கிறார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் பொய் சொன்னால் மட்டும் முழுப் பணம் வருகிற மாதிரி அந்த ஏற்பாட்டைச் செய்தது யார்? அரிப்பைச் சொன்னவருக்குப் பணம் குறையும் என்றால், அந்தச் சோதனை அரிப்பை அளக்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் கூலி கொடுக்கிறது. இடைவெளி விடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: போன வாரத்து எரிச்சல் இந்த வாரத்துக் கணக்கில் வந்துவிடும், அடுத்தடுத்து ஒட்டினால் ஒவ்வாமை ஆபத்தும் கூடும். கடைசியில் நஷ்டம் அவர் முதுகுக்கும், அந்த வரியை நம்பி வாங்குகிறவருக்கும்.

அந்தப் படிவம் ஏன் வந்தது

ஏழை உடம்பு மலிவாகக் கிடைக்கும் என்பது புதுக் கதை இல்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் கைதிகள் மேல் சோதனைகள் நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கிரீம், ஷாம்பு போன்றவற்றில் தொடங்கி டையாக்சின் நச்சு வரை போனது. கைதிகளுக்குச் சில டாலர்கள். என்ன தடவுகிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. 1998-இல் ஆலன் ஹார்ன்ப்ளம் இதைப் புத்தகமாக எழுதினார். பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021-இலும், ஃபிலடெல்ஃபியா நகரம் 2022-இலும் மன்னிப்புக் கேட்டன. இன்று நம் முன்னால் வைக்கும் ஒப்புதல் படிவம் இப்படிப்பட்ட உடம்புகளிலிருந்து வந்தது. ரெண்டு நிமிஷத்தில் முடிக்க வேண்டிய சடங்கு இல்லை அது.

போவதாக இருந்தால் கேளுங்கள்

1. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? சி.டி.ஆர்.ஐ எனப்படும் இந்தியச் சோதனைப் பதிவேட்டில் எண் உண்டா? 2007 முதல் இயங்கும் பொதுப் பதிவேடு அது. அழகுசாதனச் சோதனைகளும் அதில் நிறைய பதிவாகின்றன. வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம்.

2. பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? எத்தனை நாள் வரை? இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தரச் சொல்கின்றன. ஆனால் அவை மருந்துகளை மனதில் வைத்து எழுதியவை. கிரீமும் ஷாம்பும் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின் கீழ் வருபவை. ஆகவே வாய்வார்த்தை போதாது, படிவத்தில் எழுதியிருக்க வேண்டும்.

3. பாதியில் விலகினால், அல்லது அலர்ஜி வந்து அவர்களே நிறுத்தினால், பணம் எவ்வளவு? இதுதான் மிக முக்கியமான கேள்வி.

4. என்னென்ன மூலப்பொருள்? முழு ஃபார்முலா தர மாட்டார்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத வாசனைப் பொருளோ பதப்படுத்தும் பொருளோ இருக்கிறதா என்பதற்குப் பதில் வேண்டும்.

5. முகத்தைப் படம் எடுப்பார்களா? அது ஆய்வுக்கு மட்டுமா, விளம்பரத்துக்குமா?

6. உங்களுக்குப் புரிகிற மொழியில் படிவமும், கையெழுத்துப் போட்ட நகலும் கிடைக்குமா?

கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், எக்சிமா உள்ளவர்கள், ஸ்டீராய்டு அல்லது அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்குப் போகக்கூடாது. டாக்ஸிசைக்ளின் மாதிரி வெயிலில் தோலைப் பொங்க வைக்கும் மாத்திரை எடுத்தால் எஸ்.பி.எஃப் சோதனை பக்கமே போகாதீர்கள். இதையெல்லாம் அவர்களே கேட்க வேண்டும். கேட்காத இடத்தில் எழுந்து வந்துவிடலாம்.

எழுந்து வருவதற்கு எந்த நிமிஷத்திலும் உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருப்பதாக முடிவு செய்தால் ஒன்றே ஒன்று: அரித்தால் அரிக்கிறது என்று சொல்லுங்கள். நூறு பேரில் ஒருவர் சொல்லும் அந்த ஒரு அரிப்புதான் முழுச் சோதனையிலும் கம்பெனிக்குத் தெரியாத தகவல். கடையில் அந்தக் கிரீமை எடுக்கப் போகிற முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் செய்யும் உதவியும் அதுதான்.