எடைக்கோடு – 9: விடை 130 அல்ல

பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறைகிறதே, அந்தப் பள்ளத்தை எந்தச் சமன்பாடு பிடிக்கும் என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். மிசௌரி பசுக்களை வைத்து சாமுவேல் ப்ரோடி வரைந்த வளைகோடு, பெர்க்லி குழந்தைகளை வைத்து நான்சி பேலி வரைந்த வளைகோடு எல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு: வயதோடு உடல் எப்படி வளர்கிறது என்று காட்டும் கோடுகள் இவை. பள்ளம் கொஞ்சம் காத்திருக்கட்டும். நான் ஒரு வீட்டுப்பாடக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

இடம், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் ஊர்க் கல்லூரி. காலம், 1940கள். அலெக்சாண்டர் மூட் என்பவர் புள்ளியியல் நடத்துகிறார். அவர் கொடுத்த கணக்கு இது: ஒரு வயதுப் பிள்ளைகளின் ஐ.க்யூ. சராசரி 100, திட்ட விலக்கம் 15. அதை அளக்கும் தேர்வும் முழுக்க நம்பகமானதல்ல, அதன் பிழைக்குத் திட்ட விலக்கம் 5. ஒரு பையன் தேர்வில் 130 வாங்கியிருக்கிறான். அவனுடைய உண்மையான ஐ.க்யூ. எவ்வளவு? 1950இல் மூடின் பாடநூலில் இந்தக் கணக்கு அச்சானபோது, விடை 130 அல்ல என்று கேள்வியின் வாலிலேயே எச்சரிக்கையும் இருந்தது.

போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு 15இன் வர்க்கம், 225. தேர்வின் பிழை 5இன் வர்க்கம், 25. மொத்தம் 250இல் 225 பங்குதான் நிஜம், அதாவது பத்தில் ஒன்பது. பையன் சராசரியைவிட 30 கூட வாங்கினான். அதில் பத்தில் ஒன்பது பங்கை, அதாவது 27ஐ மட்டும் நம்பு, மீதி மூன்று அதிர்ஷ்டம். விடை 127.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் கால்நடை இனவிருத்தி மாணவர், சார்லஸ் ஹென்டர்சன். இந்தக் கணக்குதான் அவரைக் கிளப்பிவிட்டது என்று பின்னாளில் அவரோடு வேலை செய்த ஷேல் சேர்ல் எழுதிவைத்திருக்கிறார். பையனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காளையை நிறுத்தினால் ஹென்டர்சனின் வாழ்நாள் வேலை வந்துவிடும்.

காளை பால் கறக்காது. அதன் தரத்தை அதன் மகள்களின் கறவையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு காளைக்கு ஐந்து மகள்கள், ஒவ்வொன்றும் சராசரியாக ஓர் ஈற்றுக்கு 300 லிட்டர் கூடுதலாகக் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு காளைக்கு நூறு மகள்கள், கூடுதல் வெறும் 100 லிட்டர். சந்தையில் நிற்கும் யாரும் முதல் காளையைத்தான் தொடுவார்கள். கறவையில் கால் பங்கு வேறுபாடு பரம்பரையால் வருவது என்று கொண்டால், மகள்களின் எண்ணிக்கையை, அதோடு 15ஐக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். முதல் காளைக்கு 20இல் 5, கால் பங்கு நம்பிக்கை. 300 லிட்டர் சுருங்கி 75 ஆகிறது. இரண்டாவதற்கு 115இல் 100. அதன் 100 லிட்டர் 87 ஆக நிற்கிறது. பவிசு காட்டிய காளை தோற்றுப்போகிறது! இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு காபி குடித்தேன்.

ஹென்டர்சன் இதோடு நிற்கவில்லை. தீவனம் நன்றாகப் போடும் பண்ணையில் எந்தக் காளையின் மகளும் கூடத்தான் கறக்கும். எனவே பண்ணை, ஆண்டு, பருவம் ஆகியவற்றின் பங்கையும் காளையின் பங்கையும் ஒரே மூச்சில் பிரித்தெடுக்கும் சமன்பாடுகளை 1950இல் வெளியிட்டார். அவை ஏன் சரி என்ற நிரூபணம் அப்போது கைவசம் இல்லை. 1955 வாக்கில் அவர் நியூசிலாந்து போனபோது, அங்கே பால் வாரியத்தில் இருந்த சேர்லைச் சந்தித்தார். சேர்ல் பின்னாலேயே ஹென்டர்சன் இருந்த கார்னெல் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தார், 1959இல் நிரூபணமும் அச்சேறியது. 1970இல் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் சினை ஊசிக்கான காளைகளை இந்த முறையில்தான் தரம் பிரித்தார்கள்.

மனிதக் குழந்தை இந்தக் கதைக்குள் வருவது அதற்கும் பிறகுதான். 1982இல் நேன் லேர்ட், ஜேம்ஸ் வேர் என்ற இரு ஹார்வர்டு புள்ளியியலாளர்கள், ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளந்தால் கணக்கை எப்படிப் போடுவது என்று எழுதினார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு, ஒவ்வொருவருக்கும் அதிலிருந்து விலகும் சொந்தக் கோடு. அளவுகள் குறைவாக உள்ளவரின் கோடு பொதுக்கோட்டை நோக்கி அதிகமாக இழுக்கப்படும். மாட்டுக் கொட்டகையில் பழக்கமான அதே இழுப்பு. 2007இல் கென் பீத்தும், 2010இல் டிம் கோலும் அவருடன் சேர்ந்தவர்களும் குழந்தைகளின் வளர்ச்சிக்கு அமைத்த மாதிரிகள் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

குழந்தையின் எடையில் பிழை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் ஓர் அங்கன்வாடிக்குப் போய்ப் பாருங்கள். உத்திரத்தில் தொங்கும் தராசு, அதில் கால் உதறி அழும் பிள்ளை, ஆடிக்கொண்டே இருக்கும் முள். முள் நிற்கும் என்று காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. தராசில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 100 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி நடுத்தர ஆண் குழந்தை மூன்று மாதத்தில் 6.4 கிலோ, நான்கு மாதத்தில் 7 கிலோ. நாளுக்கு 20 கிராம்தான். அப்படியென்றால் முள் ஒரு கோடு தள்ளி நின்றால் அது ஐந்து நாள் வளர்ச்சி. எடை போடும் முன் வயிறு நிறையப் பால் குடித்திருந்தாலும் கதை இதேதான்.

மாட்டுக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் பழையது. சந்தைக்கு ஓட்டும் முன் உப்புத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்பும் வித்தை தெரியாத தரகர் உண்டா? வளர்ந்த மாட்டின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வயிற்றுக்குள் கிடக்கும் தீனியாகவே இருக்கலாம். அதனால்தான் ஆராய்ச்சிப் பண்ணைகளில் இரவு தீனியும் தண்ணீரும் நிறுத்தி, காலையில் எடை போடுகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஐந்து மகள்கள் சாட்சி சொன்ன காளையைக் கால் பங்குதான் நம்புகிறோம். ஆடும் முள்ளில் ஒரே ஒருமுறை பார்த்த குழந்தையின் எடையை முழுசாக நம்பி, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, தாயிடம் “பால் பத்தலையாம்மா?” என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம். அந்தப் புள்ளி எடை குறைவு என்ற மஞ்சளில் விழுந்ததா, சரி என்ற பச்சையில் விழுந்ததா என்பதைப் பல நேரம் தராசுதான் முடிவு செய்கிறது.

எந்தச் சராசரியை நோக்கி இழுப்பது என்பது தனி வழக்கு. பிறக்கும்போதே 40 கிலோ இருக்கும் ஹோல்ஸ்டீன் கன்றின் சராசரிக்கு நம் காங்கேயம் கன்றை இழுத்தால் கேலிக்கூத்து. குறைமாதக் குழந்தையை நிறைமாதக் குழந்தைகளின் சராசரிக்கு இழுப்பதும் அப்படித்தான். இழுத்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று, நிஜமாகவே எடை இறங்கும் பிள்ளையைக் கோட்டைவிடவும் கூடாது. மறு எடை போடுவதை இந்தக் கணக்கு எதுவும் தள்ளிப்போடச் சொல்லவில்லை.

இதழ் அச்சுக்குப் போக வேண்டும் என்று ஆசிரியரிடமிருந்து போன் வந்துவிட்டது. பள்ளத்தைப் பற்றி ஒன்று மட்டும் இப்போதைக்கு: 1937இல் ரேச்சல் ஜென்ஸும் நான்சி பேலியும் எழுதிய சமன்பாட்டுக்கு ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது. மீதி அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எடை போடுவதாக இருந்தால் துணியைக் கழற்றிவிட்டு, பால் கொடுக்கும் முன்பாக, போன தடவை போட்ட அதே தராசில் போடுங்கள். அட்டையில் எடைக்குப் பக்கத்தில் தேதியையும் எழுதி வையுங்கள்.