மதுவிலக்கும் கூட்டுறவுச் சங்கங்களும்

மதுவைச் சட்டத்தால் விலக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு நம் மாநிலம் பலமுறை விடையளித்துப் பலமுறை அவ்விடையை மாற்றிக்கொண்டிருக்கிறது. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி இராஜாஜியின் அமைச்சரவை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அடுத்த ஈராண்டுகளில் சித்தூரும் கடப்பையும் வட ஆற்காடும் சேர்ந்தன. யுத்த காலத்தில் அது கைவிடப்பட்டது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராயிருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. 1971 ஆகஸ்டு இறுதியில் கதவு மீண்டும் திறந்தது, 1974-இல் மூடிற்று, 1981 மே மாதத்தில் மறுபடி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் என்னும் வாணிபக் கழகம் ஏற்பட்டு மொத்த விற்பனையையும், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றளவும் ரத்தாகவில்லை. மதுக்கடைகள் நடைபெறுவதற்கான விதிகளே அந்தச் சட்டத்தின் கீழ்தான் இயற்றப்பட்டுள்ளன. உலகில் வேறெங்கும் இத்தகைய விந்தையைக் காண்பது அரிது.

இந்த நீண்ட வரலாற்றில் கூட்டுறவாளர்களாகிய நாம் கருத்தூன்றிப் படிக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. சேலத்தில் முதன்முதலாகக் கடைகள் மூடப்பட்டபொழுது அரசாங்கம் பூட்டைப் போட்டுவிட்டுப் போலீசாரிடம் சாவியை ஒப்படைத்ததோடு நின்றுவிடவில்லை. கள் இறக்கிப் பிழைத்தவர்கள் தொழிலிழந்தார்கள் அல்லவா? அவர்களுக்காகக் கூட்டுறவு இலாகாவினர் வெல்லம் காய்ச்சும் சங்கங்களை நிறுவினர். குடியை விட்டவர்களின் கையில் மிஞ்சிய காசு வேறு வழியில் கரைந்துபோகாமலிருக்கச் சிக்கன சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. மாலை வேளையில் மனிதன் எங்கே போவான் என்பதையும் எண்ணித் தேநீர்க் கடைகளுக்கும் விளையாட்டுக்கும் பஜனைக்கும் ஏற்பாடு செய்தார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தில் நூற்பும் நெசவும் மதுவிலக்குப் பிரசாரமும் ஒரே கூரையின் கீழ் நடந்துவந்தன. அங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குப் பத்திரிகையில் கல்கி பணியாற்றினார். தறியையும் மதுவிலக்கையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அக்காலத்தவருக்கு இல்லை.

வருமானத்தைப் பற்றியும் அவர்கள் கணக்குப் பார்த்தே இறங்கினர். மாகாண வருவாயில் மதுவால் கிடைத்த பங்கு மிகப் பெரிது. அதனை இழந்ததை ஈடுசெய்யவே 1939-இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. பிறகு என்னாயிற்று? மதுவிலக்குப் போயிற்று, வரி மட்டும் தங்கிவிட்டது! அது வளர்ந்து, வடிவம் மாறி, 2017-இல் சரக்கு-சேவை வரியினுள் கலந்துவிட்டது. நம் நெசவாளர் வாங்கும் நூலுக்கும் விற்கும் துணிக்கும் இன்று அந்த வரி உண்டு. குடிக்கும் மதுவோ அவ்வரியின் எல்லைக்கு வெளியே மாநில அரசின் தனிப் பாத்தியதையாக இருந்துவருகிறது. 2023-24-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற்கு மதுவால் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்தொகையை விட்டுவிடுமாறு எந்த நிதி அமைச்சரிடமும் எளிதில் சொல்லிவிட முடியாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அத்தொகை யாருடைய மடியிலிருந்து வந்தது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

திருப்பூரில் அதற்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பனியன் தொழிலில் சம்பளப் பட்டுவாடா வாரந்தோறும் சனிக்கிழமையில் நடைபெறுவது நெடுநாளைய வழக்கம். ராயபுரத்துச் சந்துகளில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று பிரிந்து ஆறு நாளும் உழைத்த ஆணும் பெண்ணும் அன்று மாலை கூலியோடு வெளிவருகிறார்கள். பீஸ் ரேட்டுக்காரர்களில் பலர் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள்; கால் கடுக்க நின்றவர்கள்; தெற்கு ஜில்லாக்களிலிருந்தும், இப்பொழுது பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்து ஒற்றை அறையில் நால்வர் ஐவராகத் தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கு அந்த மாலையில் திறந்திருக்கும் இடங்களுள் மிகத் தாராளமாக வரவேற்பது மதுக்கடையே. மளிகைக் கடைப் பாக்கியும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நினைவுக்கு வருகின்றன. குடிப்பவனை ஒழுக்கமற்றவன் என்று ஏசுவதில் நமக்குச் சம்மதமில்லை. அலுத்த உடலும் கையில் ரொக்கமும் கண்முன் கடையும் ஒன்று சேருமிடத்தில் மன உறுதியை மட்டும் நம்பியிருப்பது நிர்வாக முறையாகாது.

கடை கண்முன் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஜில்லாப் பெண்கள் எல்லோருக்கும் முன்பே உணர்ந்துவிட்டனர். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அடுத்த ஏப்ரலில் கடைகள் சாலையை விட்டு அகன்று ஊருக்குள் நுழையத் தலைப்பட்டன. விசைத்தறிகள் மிகுந்த சாமளாபுரத்தில் 2017 ஏப்ரல் 11 அன்று பெண்கள் திரண்டு சாலையில் அமர்ந்தனர். அவர்களைக் கலைத்தபோது போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அன்று அப்பெண்கள் அரசியற் கொள்கை எதனையும் முழங்கவில்லை. தங்கள் தெருவில் கடை வேண்டாம் என்று மட்டுமே கேட்டார்கள். ஆந்திரத்தின் நெல்லூர் ஜில்லாவில் தூபகுண்டா என்னும் சிற்றூரிலும் இப்படித்தான் தொடங்கிற்று. அங்கே அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தனர். அந்தத் தீ பரவி 1993 அக்டோபரில் மாநிலமெங்கும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-இல் நிதி நெருக்கடியைக் காட்டி அதைத் தளர்த்தினார்கள்.

சட்டத்தால் தடுத்தால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார் கூற்றை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு நிலவும் பீகாரில், சாரண் ஜில்லாவில் 2022 டிசம்பரில் விஷச்சாராயம் பல உயிர்களைக் குடித்தது. அங்கே சிறைகள் ஏழைகளால் நிரம்பி, நீதிமன்றங்கள் ஜாமீன் மனுக்களில் மூழ்கவே, முதன்முறை குடித்துப் பிடிபடுவோர் அபராதம் செலுத்தி விடுபடலாமென 2022-இல் சட்டத்தைத் திருத்தவேண்டியதாயிற்று. ஆனால் கள்ளக்குறிச்சியை என்னவென்று சொல்வது? அங்கே மதுவிலக்கு இல்லை. அரசாங்கக் கடைகள் திறந்தே இருந்தன. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடை விலை கொடுக்க இயலாத கூலியாட்களே அவர்களுட் பெரும்பாலோர். திறந்த கடை அவர்களைக் காக்கவில்லை என்பது வெளிப்படை. கள்ளச்சாராயத்தின் வேர் ஏழ்மையிலும், காவல் செய்யவேண்டியவர் கண்மூடியிருப்பதிலும் இருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தழைக்கிறது.

இனி விவசாயிகளின் வழக்கு. பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் நம்மைக் கண்டால் முதலில் கேட்பது இதுதான்: ஐந்து சதவீதம் அளவே போதையுள்ள கள்ளுக்கு 1987 முதல் தடை, 42.8 சதவீதம் போதையுள்ள பிராந்திக்கும் விஸ்கிக்கும் அரசாங்கமே கடை. இது என்ன நியாயம்? இதற்கு நியாயமான மறுமொழி எவரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. கேரளத்தில் கள் இறக்கும் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களே அமைத்துத் தொழில் நடத்துகிறார்கள். எனினும் வேறுபாட்டை ஒழிப்பதற்காக மற்றொரு கடையைத் திறப்பதைவிடப் பதநீரின் பக்கம் திரும்புவது நலம் என்பது நம் அபிப்பிராயம். பனங்கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில நாழிகைகளில் கள். தென்னையிலிருந்து குளிர்பெட்டியில் இறக்கப்படும் நீராவுக்கு 2017-இல் மாநில அரசு விதிகள் இயற்றி, தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு அனுமதியும் வழங்கியிருக்கிறது. ஆனால் மரமேறத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டனர். குளிர்சாதனச் செலவோ மிகுதி. கடையில் புட்டியை எடுப்பவர் விலையைப் பார்த்து வைத்துவிடுகிறார். பனைவெல்லச் சங்கங்களுக்கு அக்காலத்தில் அளித்த முன்பணத்தையும் விற்பனை உதவியையும் இன்று நீராவுக்கு அளிக்காமல், அது தானே நடக்கட்டும் என்பது குழந்தையைக் கிணற்றுக்கட்டில் விட்டுவருவதை ஒக்கும்.

ஆகவே, சட்டம் வேண்டுமா என்று எம்மைக் கேட்டால், வேண்டும் என்றே கூறுவோம். ஒரே நாளில் ஒரு கையெழுத்தில் வரும் சட்டத்தைக் காட்டிலும், கீழிருந்து ஊர் ஊராக மூடிக்கொண்டு வரும் அதிகாரத்தையே நாம் விரும்புகிறோம். மகாராஷ்டிரத்தில் ஓர் ஊரின் பெண் வாக்காளரில் நான்கில் ஒரு பங்கினர் மனுச் செய்தால் வாக்கெடுப்பு நடத்தப்படும். வாக்குச்சீட்டில் நிற்கும் புட்டி ஒன்றும் கிடக்கும் புட்டி ஒன்றும் இருக்கும். கிடக்கும் புட்டிக்குப் பாதிக்கு மேல் வாக்கு விழுந்தால் கடையை மூடியாக வேண்டும். நம் கிராம சபைகள் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் நிறைவேற்றிக் கலெக்டருக்கு அனுப்பியுள்ளன. அத்தீர்மானத்தைக் கட்டாயமாக்கும் ஒரே ஒரு விதி போதும், சாமளாபுரம் மறுபடி நிகழாதிருக்க. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் குறைக்கப்பட்டன. எந்தக் கடையை மூடுவது என்பதை அவ்வூர்ப் பெண்கள் தீர்மானித்திருந்தால் அக்குறைப்புக்கு வேறொரு பொருள் ஏற்பட்டிருக்கும்.

அது வரும்வரை நம் சங்கங்கள் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. கைத்தறி நெசவாளர் சங்கங்களில் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது: கூலியில் ரூபாய்க்கு எட்டுக் காசு நெசவாளர் பங்கு, நான்கு காசு அரசாங்கத்தின் பங்கு. சங்கக் கணக்குகளைப் பார்வையிடுகையில் நாம் காண்பது என்னவெனில், இப்பணத்தின் மீது கடன் கேட்டு வரும் மனுக்கள் சில குடும்பங்களிலிருந்தே திரும்பத் திரும்ப வருகின்றன. காரணம் என்னும் இடத்தில் ‘மருத்துவச் செலவு’ என்றிருக்கும். வியாதி இன்னதென்று செயலாளருக்குத் தெரியும், அவர் எழுதமாட்டார். இன்னொன்றையும் காண்கிறோம். தறியில் அமர்பவர் கணவர். தார் சுற்றுவதும் பாவுக்கு உதவுவதும் இழை முடிவதும் மனைவி. அங்கத்தினர் பெயரோ ஒன்றுதான்; கூலி அவர் கணக்கிலேயே வரவாகிறது. ஒரு சங்கத்தில் அம்மையார் ஒருவர், “சார், பாதி வேலை நான் செய்யறேன், பாஸ் புத்தகத்துல எம்பேரு எங்கே?” என்று கேட்டார். நிர்வாகக் குழுவினர் சற்று நேரம் பேசாதிருந்தனர்; பிறகு அடுத்த கூட்டத்தில் அவரைத் தனி அங்கத்தினராகச் சேர்த்தனர். இப்பொழுது அவ்வீட்டின் கூலி இரு கணக்குகளில் வரவாகிறது.

இதற்கு மேலிடத்து உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. துணைவிதியில் இடமிருக்கிறது, மனுவும் பங்குத்தொகையும் வேண்டும், அவ்வளவே. சனிக்கிழமைப் பட்டுவாடாவைத் திங்களுக்கோ செவ்வாய்க்கோ மாற்றுவதும் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தால் ஆகக்கூடியதே; பனியன் கம்பெனி முதலாளிகளும் மனம் வைத்தால் செய்யலாம். இவ்விரண்டையும் பொதுப் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க விரும்பும் சங்கங்கள், அறிவிப்பு அனுப்புமுன்பே பொருளை எழுதிச் சேர்த்துவிட வேண்டும். கூட்டத்தன்று எழுந்து வாய்மொழியாகச் சொல்லும் பொருளைப் பதிவேட்டில் ஏற்க இயலாது.